பாம்புக்கடி

மூலெஹேயில் கிளம்பும்போது பன்னிரண்டு பவுண்டு இருந்தது.
அளந்தேன். எப்போதும் அளப்பேன்,
டயர் ஆறிக் கிடக்கும் விடியலில்,
காபிக்கு முன்னால்.

ஓடை வந்தது.
இந்தப் பக்கத்து ஓடையில்
தண்ணீர் ஓடிப் பார்த்தவர்கள் குறைவு,
மணல்தான் ஓடும்.
பின்சக்கரம் புதைந்து திமிறியது.
இறங்கி, வால்வு ஊசியை நகத்தால் அழுத்தினேன்.
ஸ்ஸ்ஸென்று நாலு பவுண்டு
பாலைவனத்தோடு போய்ச் சேர்ந்தது.
எட்டில், டயர் பாதம் பரப்பி
ஒட்டகம்போல் நடந்தது.
ஒட்டகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

பின்னால் கட்டிய பெட்டியில் ஐஸ்.
ஐஸுக்குள் முப்பத்தாறு குப்பி,
வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து.
மலைமேல் ஏழு பண்ணை,
எண்ணிக்கைக்கு நிற்காத நாய்கள்.
செலெடோனியோவின் லாரி
உருண்டைப் பாறை வரைக்கும்தான் வரும்.
அதற்கப்புறம் நான்.

மணல் முடிந்து கல் தொடங்கியது.
இங்கேதான் இறங்கியிருக்க வேண்டும்.
பம்ப் பையில்தான் இருந்தது.
நூற்றைம்பது இழுப்பு, வேறென்ன?
வெயில் ஏறிக்கொண்டிருந்தது,
ஐஸ் இறங்கிக்கொண்டிருந்தது,
பரவாயில்லை என்று ஒரு சொல் இருக்கிறதே,
அதன்மேல் ஏறி ஓட்டினேன்.

கழுதைத் தலை அளவு ஒரு கல்.
டங்கென்று ரிம் வாய்திறந்தது.
பிறகு வண்டியின் பின்பாதி
சம்பள நாள் குடிகாரனாய்
தனக்கென்று ஒரு பாதை பிடித்தது.

மெஸ்கீத் மரத்தடியில்
நிழலென்று சொல்லிக்கொண்ட ஒரு சல்லடை.
அச்சை உருவிச் சக்கரத்தைப் படுக்கவைத்தேன்.
ரிம் பூட்டைத் தளர்த்தினேன்.
முழங்காலால் ஏறி அழுத்தி விளிம்பைப் பெயர்த்து
மூன்று நெம்புகோலை மெல்ல நுழைத்தேன்.
அவசரப்பட்டால் நெம்புகோலே
புதிதாய் ஒரு ஓட்டை போடும்.
போட்டிருக்கிறது.

முள்தான் என்று முடிவுகட்டி
டயரின் உள்வயிறெல்லாம் தடவினேன்.
சொய்யாக் கள்ளி முள், மெஸ்கீத் முள்,
பெயரில்லாத தரைக்கொடி முள்,
பழிபோட இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை.
ஒன்றுமில்லை.
ஃபெர்மின் தன் பட்டறையில் தூவியனுப்பிய
குழந்தைப் பவுடர் மட்டும்
விரலில் ஒட்டி மணந்தது.

ட்யூபில் காற்றேற்றி
உதட்டருகே சுற்றினேன்.
இரண்டு இடத்தில் குளிர்ந்தது,
பக்கத்தில் பக்கத்தில்,
ஒரு விரல் இடைவெளி.
பாம்புக்கடி என்பார்கள் பட்டறையில்.
பாம்பு கிடையாது.
கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே
காற்றில்லாத ட்யூப் நசுங்கினால்
பதியும் இரண்டு பல்.
நான் எடுத்த நாலு பவுண்டுக்கு
ரசீது.

உப்புத்தாளால் தேய்த்தேன். பசை பூசினேன்.
இனிக் காத்திருக்க வேண்டும்.
பளபளப்பு போய்ப் பசை மந்தமாகும்வரை
ஒட்டக்கூடாது,
ஈரத்தில் ஒட்டியது ஒரு மேடு தாங்காது.
ஐஸுக்கு இதெல்லாம் தெரியாது.
பெட்டிக்குள் கட்டிகள் சரிந்து
ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் சத்தம் கேட்டது.
பசைமேல் ஊதினேன்.
ஊதக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும்.
எதையாவது செய்யவேண்டியிருந்தது.

புறங்கையால் தொட்டேன், ஒட்டவில்லை.
அப்போது ஒட்டினேன்.

வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல்
மூடிப்பக்கம் ஏற்றிவிட்டேன்.
ட்யூப் உள்ளே நகர்ந்தால் வால்வு சாயும்,
சாய்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.
இறுக்கிக் கட்டினால்
நேராக நின்றுகொண்டே அறுந்துபோகும்.

நூற்றைம்பது என்றேன் இல்லையா?
நூற்று எழுபத்திரண்டு.

பண்ணையை எட்டியபோது
ஒரு கைப்பிடி ஐஸ் மிச்சம், மருந்து பிழைத்தது.
உபால்தோ காலையிலேயே நாய்களைக் கட்டிவைத்தாராம்,
மூன்று அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம்.
"ஏன் இத்தனை நேரம்?"

"முள்" என்றேன்.

தண்ணீர் கொடுத்தார்.
வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார்.
குனிந்து, ரிம் விளிம்பில்
நெளிந்திருந்த இடத்தைக்
கட்டைவிரலால் தடவினார்.

"மழை இல்லையல்லவா," என்றார்,
"இந்த வருஷம் முள்ளெல்லாம்
கல்லாய்க் காய்த்திருக்கிறது."

பிறகு கொட்டகையிலிருந்து
பெரிய கால்பம்பைக் கொண்டுவந்து
என் பக்கத்தில் வைத்துவிட்டு
அந்த மூன்று நாய்களைத் தேடிப் போனார்.